மலை இறங்கும்போது முன் கண்ணாடி மூடிக்கொண்டது: ஆவி உள்ளே படிகிறதா, வெளியே படிகிறதா?

குன்னூர்_வழி | டிசம்பர் 9, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் காரணம் சொல்லுங்கள், மூன்று நாளாக மண்டைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊட்டியிலிருந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வண்டியில் ஆறு பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். நல்ல மழை, எல்லோருடைய ஸ்வெட்டரும் கொஞ்சம் நனைந்திருந்தது. குளிருகிறதே என்று ஏசி போடவில்லை, கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றிவிட்டோம். கேத்தி வருவதற்குள் முன் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. மனைவி துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, ஏசியைப் போட்டு காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினேன். இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. சரி, தீர்ந்தது என்று அதை அப்படியே ஓடவிட்டேன்.

குன்னூர் தாண்டி பர்லியாருக்குக் கீழே வரும்போது மழை நின்றிருந்தது, வெளியே வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே மறுபடியும் மூடியது. ஏசிதானே மருந்து என்று இன்னும் குளிராக வைத்து ப்ளோயரையும் கூட்டினேன். மூட்டம் அதிகமானது. மனைவி உள்ளே துடைத்தால் துணி காய்ந்தே இருக்கிறது, கண்ணாடி தெளியவில்லை. கொண்டை ஊசி வளைவு, பின்னால் பஸ், எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவி எனக்கு ரோடே தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் ஈரம் வெளிப்பக்கம் இருந்தது. கையால் வழித்ததும் போய்விட்டது.

மேலே காப்பாற்றிய அதே ஏசி கீழே ஏன் கெடுத்தது? வண்டியில் கோளாறா, எனக்குத் தெரியாததா?

லோடு_வண்டி | டிசம்பர் 9, இரவு 10.40

மழைக்காலத்தில் நாங்கள் பீடித் தூளை ஈரத்துணியில் வைத்துக் கண்ணாடியில் தேய்ப்போம், இல்லையென்றால் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்போம். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏசி இல்லாத வண்டியில் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன், செய்துபாருங்கள்.

திருவண்ணாமலை_டீச்சர் | டிசம்பர் 10, காலை 6.20

குன்னூர்_வழி தம்பி, வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரே பயணத்தில் இரண்டு வேறு விஷயங்கள் நடந்திருக்கின்றன, இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால்தான் குழப்பம். இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். வகுப்பில் இதைச் சொல்ல இப்படி ஓர் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. எவ்வளவு இருக்க முடியும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 30 கிராம் வரை இருக்கலாம், 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் ஒன்பதரைக்குள்தான். காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அதற்கு மேல் ஆவியாக இருக்க இடமில்லாமல் தண்ணீராகிவிடும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. ஏதாவது ஒரு பொருளின் மேற்பரப்பு, அதைத் தொடும் காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்துவிட்டால் அங்கே நீர் படியும். மோர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதும் இதுதான், தண்ணீர் டம்ளருக்குள்ளிருந்து வருவதில்லை.

கண்ணாடிக்கு இரண்டு முகம் உண்டு, ஒவ்வொரு முகத்தையும் வெவ்வேறு காற்று தொடுகிறது. எந்தப் பக்கத்துக் காற்றின் பனிநிலைக்குக் கீழே கண்ணாடி போகிறதோ அந்தப் பக்கம் மூடும்.

இப்போது உங்கள் வண்டிக் கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மூச்சிலும் தோலிலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். ஆறு பேர் என்றால் 240 கிராம், நிமிடத்துக்கு 4. நனைந்த ஸ்வெட்டர் தனி. காருக்குள் காற்று மூன்று, நான்கு கனமீட்டர்தான். ஊட்டியில் வெளியே 8 டிகிரி என்று வைத்தால் மழையில் முன் கண்ணாடி அதை ஒட்டியேதான் இருந்திருக்கும். உள்ளே உங்கள் மூச்சால் நிறைந்த காற்று அந்தக் கண்ணாடியைத் தொட்டதும் ஓரிரு நிமிடத்தில் மூடத்தானே செய்யும்? அது உள்பக்கம். ஏசி அந்த ஆவியை உறிஞ்சி எடுத்தது, தெளிந்தது.

பர்லியாருக்குக் கீழே கதை தலைகீழ். மழை நின்ற காடு, கதகதப்பான ஈரக் காற்று. அதன் பனிநிலை 20ஐத் தாண்டியிருக்கும். ஊட்டியிலிருந்து வந்த குளிர்ந்த கண்ணாடி அந்தக் காற்றுக்குள் நுழைந்தது, வெளிப்பக்கம் வியர்த்தது. ஏசியைக் கூட்டக் கூட்டக் கண்ணாடி இன்னும் குளிர்ந்தது. துணி காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்தத் துணியிலேயே இருந்தது.

அடுத்த முறை வேறெதையும் தொடுமுன் கண்ணாடியில் ஒரு விரலை வைத்து இழுத்துப்பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. விழவில்லையென்றால் வெளியே. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

ஏசி_பட்டறை | டிசம்பர் 10, காலை 9.05

டீச்சர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊட்டிக் குளிர் அந்தக் கண்ணாடியில் பர்லியார் வரை தங்காது. முன் கண்ணாடி மொத்தமே ஐந்து மில்லிமீட்டர் சுமார், ஓடுகிற வண்டியில் வெளிக்காற்று அடித்தால் சில நிமிடத்தில் வெளி வெப்பத்துக்கு வந்துவிடும். ஊட்டியிலிருந்து அங்கே இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்ணாடியைக் குளிராகவே பிடித்துவைத்திருந்தது, அண்ணன் மேலே திருப்பிவிட்டு மறந்துபோன அந்த ஏசிக் காற்றுதான். டேஷ்போர்டிலிருந்து கண்ணாடிக்கு அடிக்கிற ஓட்டையில் காற்று பத்து டிகிரி பக்கத்தில் வரும். காற்றைக் கால் பக்கமோ முகத்துக்கோ மாற்றியிருந்தால் வெளிமூட்டம் தானாகப் போயிருக்கும். அதுவரைக்கும் வைப்பரை ஒரு தட்டுத் தட்டினால் போதும். மழை இல்லையே என்று பலருக்கு வைப்பர் ஞாபகமே வருவதில்லை.

இன்னொன்று, மலையில் அடிக்கடி பார்ப்பது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று ஏசி பட்டனை அணைப்பார்கள். உள்காற்றே சுற்றும் பட்டன், அதாவது ரீசர்குலேஷன், போட்டபடியே இருக்கும். அதுவரை கூலிங் காயில், அதாவது ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள், காற்றிலிருந்து எடுத்த தண்ணீர் கொஞ்சம் அந்தச் சுருள் மேலேயே ஒட்டியிருக்கும். கம்ப்ரெசர் நின்றதும் காயில் சூடாகி, ப்ளோயர் அந்த ஈரம் முழுவதையும் மறுபடியும் உள்ளே தள்ளும். ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடி திடீரென்று மூடும். வளைவுக்கு நடுவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். ஏசியை அணைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் வெளிக்காற்றுக்கு மாற்றிவிட்டு அப்புறம் அணையுங்கள்.

ஹீட்டரும் ஏசியும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். காற்று முதலில் கூலிங் காயில் வழியாகப் போய்க் காய்கிறது, அப்புறம் ஹீட்டர் வழியாகப் போய்ச் சூடாகிறது. ஊட்டி போன்ற இடத்தில் ஏசி பட்டன் ஆன், குமிழ் சிவப்புப் பக்கம், காற்று கண்ணாடிக்கு, வெளிக்காற்று. குளிரவும் குளிராது, கண்ணாடியும் காயும்.

திருவண்ணாமலை_டீச்சர் | டிசம்பர் 10, காலை 11.30

ஏசி_பட்டறை தம்பி சொல்வது சரி. நான் கண்ணாடியின் கனத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. என் பதிவில் "ஊட்டியிலிருந்து வந்த குளிர்ந்த கண்ணாடி" என்ற இடத்தை "ஏசி குளிரவைத்த கண்ணாடி" என்று படித்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி_வண்டி | டிசம்பர் 10, மதியம் 1.10

மழை பெய்யும்போது வெளிக்காற்றைத் திறந்துவிடச் சொல்கிறீர்கள். மழைக்காற்று முழுக்க ஈரம்தானே, ஈரத்தை உள்ளே விட்டால் எப்படிக் காயும்? நவம்பர் மழையில் வேளச்சேரி ஜங்ஷனில் நான் கண்ணாடியை இறக்கிப் பார்த்திருக்கிறேன், சட்டை நனைந்தது, கண்ணாடி தெளியவில்லை.

அப்புறம் மே மாதம் விடியற்காலை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகும்போது எனக்கும் வெளிப்பக்கம் மூடும். அப்போது மலையும் இல்லை, மழையும் இல்லை.

திருவண்ணாமலை_டீச்சர் | டிசம்பர் 10, மாலை 5.45

நல்ல கேள்வி, இங்கேதான் ஊரைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

ஊட்டியில் 8 டிகிரி மழைக்காற்று நூறு சதவீதம் ஈரப்பதத்தோடு இருந்தாலும் அதில் உள்ள நீர் கனமீட்டருக்கு 8 கிராம் சொச்சம்தான். அதை உள்ளே இழுத்து ஹீட்டர் 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அந்தச் சூட்டில் 19 கிராம் வரை இடம் இருக்கிறது. ஆக அதே காற்றின் ஈரப்பதம் நாற்பத்து மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிடும். கொட்டும் மழைக்காற்று கண்ணாடியைக் காயவைக்கும் காற்றாக மாறுகிறது. பிள்ளைகளிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள், கணக்குப் போட்டுக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

சென்னையில் வடகிழக்குப் பருவமழையின்போது வெளியே 25 டிகிரி, 95 சதவீதம் ஈரம். கனமீட்டருக்கு 22 கிராம் வந்துவிடும். அதைச் சூடாக்கினாலும் பெரிதாக லாபம் இல்லை, காருக்குள் நாமும் புழுங்கிப்போவோம். அங்கே ஏசிதான் வழி. கூலிங் காயில் 5 டிகிரி பக்கத்தில் இருந்தால், அதைத் தொட்டு வெளியே வரும் காற்றில் 7 கிராம் அளவுக்குத்தான் நீர் மிஞ்சும். மீதி தண்ணீராகி வண்டிக்கு அடியில் சொட்டும். வெயில் காலத்தில் நிறுத்திய காருக்குக் கீழே ஈரத் திட்டு தெரிவது இதுதான்.

ஈசிஆர் விஷயம்: மே மாதக் கடலோரக் காற்று 29 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனிநிலை 25. கண்ணாடி 25க்குக் கீழே போனாலே வெளியே வியர்க்கும். 20ல் ஏசி வைத்துக் கண்ணாடிக்கு அடித்தால் அது நிச்சயம். அங்கே ஏசியை 25, 26க்கு ஏற்றுங்கள், கண்ணாடிப் பக்கம் போகும் காற்றை மூடுங்கள்.

லோடு_வண்டி அண்ணன் சொன்ன பீடித் தூளும் உருளைக்கிழங்கும் பொய் இல்லை. மூட்டம் என்பது ஆயிரக்கணக்கான குட்டித் துளிகள், ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடியில் நீர் நன்றாக ஒட்டும் மெல்லிய பூச்சு இருந்தால் நீர் துளியாக நிற்காமல் ஏடுபோலப் பரவும், ஈரம் இருந்தாலும் பார்வை தெரியும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தேய்த்துத் துடைத்தாலும் இதே வேலை நடக்கும். குழந்தைகள் மூட்டத்தில் விரலால் பேர் எழுதுவார்கள் இல்லையா, அது காய்ந்த பிறகும் அடுத்த முறை மூடும்போது அதே எழுத்து மறுபடி தெரியும். விரலின் எண்ணெய் அங்கே மட்டும் துளி நிற்பதை மாற்றிவிடுகிறது. உள்கண்ணாடி அழுக்காக இருந்தால் சீக்கிரம் மூடுவதும் அதனால்தான்.

ஸ்கார்பரோ_தம்பி | டிசம்பர் 11, அதிகாலை 2.30

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே காரின் உள்பக்கமே ஐஸ் பிடிக்கும், வெளியே சுரண்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து மறுபடி சுரண்டியிருக்கிறேன். வந்த புதிதில், கதவு பூட்டிய காருக்குள் இது எப்படி வந்தது என்று விளங்கவே இல்லை. பூட்ஸில் ஒட்டிவந்த பனிதான். அது உருகி மிதியடியில் நிற்கும், ஹீட்டர் சூட்டில் ஆவியாகும், இரவு வண்டி குளிர்ந்ததும் கண்ணாடியில் உறையும். ரப்பர் மிதியடியைத் தினமும் இரவு வெளியே எடுத்துக் கொட்டத் தொடங்கியதும் பாதி குறைந்தது.

டீச்சர் கணக்கு இங்கே இன்னும் பலமாக வேலை செய்யும். மைனஸ் 15ல் காற்றில் கனமீட்டருக்கு ஒன்றரை கிராமுக்குள்தான் நீர். அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் பத்து சதவீதம்கூட இருக்காது. அதனால் ரீசர்குலேஷனைத் தொடாமல் வெளிக்காற்றிலேயே விட்டால் போதும், ஏசி தேவையே இல்லை. அந்தக் குளிரில் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரெசர் ஓடாது.

தர்மபுரி_மாந்தோப்பு | டிசம்பர் 11, காலை 7.15

எங்கள் ஊரில் மார்கழியில் ராத்திரி யாருமே உள்ளே இல்லாத கார், ஏசியும் கிடையாது, விடிந்து பார்த்தால் கூரையில் தண்ணீர் வழிகிறது. முன் கண்ணாடியும் பானெட்டும் தொப்பல், பக்கவாட்டுக் கண்ணாடி கிட்டத்தட்ட காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் சுவர் காய்ந்திருக்கிறது. பாதி வண்டி வேப்பமரத்துக்கு அடியில் நிற்கும், மரத்துக்குக் கீழே இருக்கிற பாதியில் சொட்டு ஈரம் இல்லை. மேலேயிருந்து பனி விழுவதை மரம் மறைக்கிறது என்று அப்பா சொல்வார். அது சரியா?

திருவண்ணாமலை_டீச்சர் | டிசம்பர் 11, காலை 10.00

அப்பா கவனித்தது மிகச் சரி. காரணம் மட்டும் வேறு. இந்த நீர்ப்பனி மேலேயிருந்து விழுவதில்லை. நம் மொழியில் "பனி பொழிகிறது" என்று சொல்லிச் சொல்லி அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

எல்லாப் பொருளும் எப்போதும் வெப்பத்தைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகமில்லாத இரவில் கார்க் கூரை வானத்தைப் பார்த்து வெப்பத்தை விடுகிறது, வானத்திலிருந்து திரும்பி வருவது குறைவு. தகடு மெலிசு, உள்ளே சேமிப்பு ஒன்றும் இல்லை, அதனால் சுற்றியுள்ள காற்றைவிடவே சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. பனிநிலையைத் தாண்டியதும் கூரைமேல் நீர். சுவர் பகல் முழுக்க வாங்கிய சூட்டை வைத்திருக்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் குளிராது. பக்கவாட்டுக் கண்ணாடி வானத்தைவிட வீட்டையும் தரையையும்தான் அதிகம் பார்க்கிறது. வேப்பமரத்துக்கு அடியில் இருக்கும் பாதிக்கு வானத்துக்குப் பதில் இலைதான் தெரியும், இலை காற்றின் சூட்டிலேயே இருப்பதால் தகட்டின் வெப்பம் வீணாகப் போவதில்லை. மேகம் மூடிய இரவிலும், காற்று வீசும் இரவிலும் உங்கள் கார் நனையாமல் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

இதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் லண்டனில் இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். தோட்டத்தில் ஒரு பலகையை உயர்த்தி வைத்து, அதன் மேலே கொஞ்சம் கம்பளிப் பஞ்சு, அடியில் அதே எடைக் கம்பளி. காலையில் எடைபோட்டால் மேலே இருந்ததுதான் அதிக நீர் வாங்கியிருந்தது. இரவு இரவாக உட்கார்ந்து அளந்து 1814ல் வெளியிட்டார். உங்கள் அப்பாவும் வேப்பமரமும் செய்தது அதே சோதனைதான்.

நம் நாட்டு ஆட்கள் அதற்கு முன்பே இதைத் தொழிலாகச் செய்திருக்கிறார்கள். அலகாபாத் பக்கம் குளிர்காலத்தில் குழி வெட்டி, காய்ந்த கரும்புத் தட்டையைப் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து விடியுமுன் ஐஸ் எடுத்தார்கள். காற்று உறைநிலைக்கு வராத இரவிலும் தட்டில் ஐஸ் பிடித்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775ல் இதை விவரமாக எழுதியிருக்கிறார். தட்டைக் குளிரவைத்தது அந்த வானம்தான், உங்கள் கார்க் கூரையையும் அதுதான்.

தலைகுந்தா_வீடு | டிசம்பர் 11, மதியம் 12.40

ஊட்டியை ஒட்டிய எங்கள் பக்கம் முதலில் நீர்ப்பனி, அப்புறம் டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி. தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே கார் கூரையில் வெள்ளைப் படலம் பிடித்திருக்கும், ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. நான்கு பக்கமும் திறந்த வெறும் தகரக் கொட்டகைக்குக் கீழே நிறுத்தினால் பிடிப்பதே இல்லை.

சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாட்ஜில் சுடுதண்ணீர் வாங்கிக் கண்ணாடியில் ஊற்றாதீர்கள். போன சீசனில் என் கண்ணெதிரே ஒரு வாடகை வண்டியின் முன் கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம் வரை விரிந்தது, அந்த டிரைவர் பாவம். சாதாரணக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அது மறுபடி உறையும். வண்டியை ஸ்டார்ட் செய்து ஹீட்டரை மெதுவாக ஏற்றுங்கள், பத்து நிமிடம் பொறுங்கள்.

தாம்பரம்_டீசல் | டிசம்பர் 11, மாலை 6.30

என் கதை வேறு. மழையே இல்லாத நாளிலும் காலையில் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் மூடியிருக்கும், வண்டிக்குள் ஊறவைத்த துணி வாடை. சர்வீஸ் சென்டரில் ஏசி காயிலையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பணம் புரட்டக் கிளம்பியிருந்தேன், அதற்குள் தெருமுனை மெக்கானிக் ஒருவர் முன் இடது சீட்டின் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருக்கும் பஞ்சு பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ஏசித் தண்ணீர் வெளியே போகும் பைப்பில் தூசியும் பூஞ்சையும் அடைத்து, தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. காற்றடித்து அடைப்பை எடுத்தார், அரை மணி நேர வேலை. பஞ்சைக் காயவைக்கத்தான் நான்கு நாள் வெயில் தேவைப்பட்டது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று அங்கே ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதுமே.

ஏசி_பட்டறை | டிசம்பர் 11, இரவு 8.50

இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். ஆள் இல்லாத கார் உள்ளே மூடினால் தண்ணீர் எங்கேயோ தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஏசித் தண்ணீர் வடியும் பைப் அடைப்பது ஒன்று. வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வேப்பிலை, புளிய இலை விழுந்து அதன் வடிகால் அடைத்துக்கொள்வது இன்னொன்று, மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் இதை வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். கதவு பீடிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் திறந்து பாருங்கள், அங்கே தண்ணீர் நின்றால் யாருக்கும் தெரியாது.

மூட்டம் துடைத்தால் பிசுபிசுப்பாக இருக்கிறது, லேசாகத் தித்திப்பு வாடை வருகிறது என்றால் அது வெறும் தண்ணீர் இல்லை. ஹீட்டர் கோர் ஒழுகி, அதில் ஓடும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம், ஆவியாகிப் படிகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், கூலன்ட் குறைந்தால் இன்ஜின் போய்விடும்.

உப்பு, அரிசி என்று வைக்கச் சொல்லி வீடியோ வருகிறது. உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேலேதான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும், மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதுபோல. கரைந்தது கொட்டினால் தகடு துரு பிடிக்கும். காரில் வேண்டவே வேண்டாம். பின் கண்ணாடியில் சூடாகும் கோடுகள் இருந்தால் அதைக் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே அழுத்தித் தேய்த்தால் அறுந்துபோகும்.

காலையில் பனித் தண்ணீரோடு வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பதையும் நிறுத்துங்கள். ராத்திரித் தூசி அந்த நீரில்தான் இருக்கிறது, உப்புத்தாள் போட்டமாதிரி பெயின்டில் வட்டம் வட்டமாகக் கீறும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடையுங்கள்.

வேளச்சேரி_வண்டி | டிசம்பர் 12, காலை 8.00

ஹெட்லைட்டுக்குள் மூட்டம் வருகிறதே, அதுவும் கோளாறா?

ஏசி_பட்டறை | டிசம்பர் 12, காலை 8.25

மெல்லிய படலம் வந்து விளக்குப் போட்டு ஓட்டியதும் போய்விட்டால் கோளாறு இல்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் மூச்சு விட ஓட்டை வைத்திருப்பார்கள், காற்று போய்வரும். துளித்துளியாக நின்றாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோ சீல் போயிருக்கிறது.

லோடு_வண்டி | டிசம்பர் 12, காலை 11.10

டீச்சரிடம் ஒரு கேள்வி. ராத்திரி டேங்கை அரைகுறையாக விட்டால் உள்ளே வியர்த்து டீசலில் தண்ணீர் சேரும் என்று எங்கள் ஓனர் நிரப்பச் சொல்வார். அப்புறம் காலையில் பெட்ரோல் கார் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறதே, அதுவும் இதே பனியா?

திருவண்ணாமலை_டீச்சர் | டிசம்பர் 12, மதியம் 3.20

அண்ணா, 50 லிட்டர் வெற்று இடம் என்பது கனமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. 30 டிகிரியில் முழு ஈரக் காற்றே நிறைந்திருந்தாலும் அதில் இருக்கும் நீர் ஒன்றரை கிராம், ஒரு ஸ்பூன்கூட வராது. ஒரே இரவில் அந்தக் காற்று முழுவதும் மாறுவதும் இல்லை. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டிக்கு ஓனர் பயப்படலாம், தினம் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை.

சைலன்சர் தண்ணீர் பனி இல்லை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான சைலன்சரில் அது ஆவியாகவே போய்விடும், காலையில் குளிர்ந்த பைப்பைத் தொட்டதும் சொட்டுகிறது. குளிர்ந்த பரப்பைத் தொட்டு நீராவது என்ற அளவில் எல்லாம் ஒரே சொந்தம்தான்.

குன்னூர்_வழி | டிசம்பர் 29, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் அதே வழியில் போய்வந்தோம், அதே ஆறு பேர். கிளம்புமுன் உள்கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன், துணியில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். கேபின் ஃபில்டரைக் கழற்றினேன், அதிலும் சாம்பல் மாதிரி தூசி, புதிதாகப் போட்டேன்.

ஊட்டியில் கிளம்பியதும் மூட ஆரம்பித்தது. விரலை வைத்தேன், கோடு விழுந்தது. வெளிக்காற்று, ஏசி ஆன், குமிழ் சிவப்புப் பக்கம். கேத்தி வருவதற்குள் தெளிந்து, வெலிங்டன் வரை அப்படியே இருந்தது, மாமியாருக்குக் குளிரவும் இல்லை. காட்டேரி தாண்டியதும் காற்றைக் கண்ணாடியிலிருந்து கால் பக்கம் மாற்றிவிட்டேன்.

பர்லியாருக்குக் கீழே ஓரிடத்தில் லேசாக மங்கியது. நான் கியரில் கை வைத்திருந்தேன், முன் சீட்டில் இருந்த மாமனார் தானாகவே விரலை நீட்டிக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளியேதான் மாப்பிள்ளை, வைப்பரைத் தட்டுங்கள்" என்றார். தட்டினேன்.

ஏசி_பட்டறை தம்பிக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி. வீட்டுக்கு வந்து பார்த்தேன், ஏசி அரை மணி நேரம் ஓடியும் வண்டிக்கு அடியில் சொட்டு விழவில்லை. வெளியே 20 டிகிரி இருக்கும். தாம்பரம்_டீசல் கதை பயமுறுத்துகிறது.

ஏசி_பட்டறை | டிசம்பர் 30, காலை 9.00

குளிர் ராத்திரியில் காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் சொட்டாமல் இருக்கலாம் அண்ணே. நாளைக்கு மதியம் வெயிலில், நான்கு பேர் உட்கார்ந்து, ஏசியை முழுக்க வைத்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் காய்ந்தே இருந்தால் முதல் வேலையாக இடது பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள்.